நான் எழுதாமல் விட்ட வரி

அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவருடைய சொந்த ஊரையும் சொல்ல மாட்டேன். திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவர் டெக்னீஷியன். நான் பில் போட்டு, ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். எல்லோரும் அவரை லேப் அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. இங்கேயும் அப்படியே இருக்கட்டும். உங்களைப் பற்றி எழுதலாமா என்று போனில் கேட்டேன். ஒரு வாரம் பதில் இல்லை. அப்புறம், "எழுது, பேரு மட்டும் வேணாம்" என்றார். முன்பு ஒரு முறை கேட்காமல் எழுதியிருந்தேன்.

காலை ஆறரைக்கே அக்கா வந்துவிடுவார். ஒடிசலான உடம்பு. புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. கோட்டின் இடது பையில் ஒரு ஸ்டேப்ளர் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கத் தோளே சற்று இறங்கினாற்போல. திருத்தணியில் வெறும் வயிற்றில் சர்க்கரை பார்ப்பது தனிப் பாடு. மலையேறி சாமி கும்பிட்டு, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நேராக எங்களிடம் இறங்கி வருவார்கள்.

"வெறும் வயித்தோடதான் வந்துகீறேன் கண்ணு."

அக்கா ஊசியைத் தொட மாட்டார். "பஞ்சாமிர்தம்?"

"அது பிரசாதம்மா."

"பிரசாதம்னு சாமிக்குத் தெரியும். மெஷினுக்குத் தெரியாதே. நாளைக்கு வாங்க."

நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் இதையே தெலுங்கில் சொல்வார். யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தண்ணீர். ரிப்போர்ட் வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும், "உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று ஒரு டம்ளர் கொடுப்பார். காய்ச்சலுக்குப் பார்த்தவர்கள், கல்யாணத்துக்கு முன் பார்த்துக்கொண்டவர்கள், பெரிய வியாதி இருக்குமோ என்று பயந்து வந்தவர்கள் எல்லோருக்கும் அதே டம்ளர், அதே குரல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. பில்லும் நான்தான் போட வேண்டும், டம்ளரும் நான்தான் கழுவ வேண்டும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எல்லாருக்கும் எதுக்குக்கா தண்ணி? மோசமா வந்தவங்களுக்கு மட்டும் குடுத்தா போதாதா?"

"அவங்களுக்கு மட்டும் குடுத்தா பெஞ்சில குந்திகினு இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடாதா, யாருக்கு மோசம்னு?"

அதுதான் அக்கா. ஒருவருடைய விஷயம் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. ரிப்போர்ட்டை மடித்து உறையில் போட்டு இரண்டு இடத்தில் ஸ்டேப்ளர் அடிப்பார். ஒன்று போதாதா என்றால், ஒரு பின்னைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் குத்திவிடலாம், இரண்டு என்றால் சோம்பேறித்தனமாக இருக்கும் என்பார்.

மருமகள் கர்ப்பமா என்று பார்க்க வந்த ஒரு மாமியார், மருமகளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். "உறைய அவகிட்டயே குடுத்துடு. எனக்கு ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லு" என்றார். அக்கா சிரித்தார். "யாரு ரத்தமோ அவங்களே வரட்டும்மா" என்று மருமகளை உள்ளே கூப்பிட்டு, மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்தார். இன்னொரு முறை அக்காவின் சர்ச் போதகரே வந்திருந்தார், ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மாப்பிள்ளைப் பையனின் ரிப்போர்ட்டைப் பற்றிப் பெண் வீட்டார் கவலைப்படுகிறார்கள், நல்ல காரியத்துக்குத்தானே, கொஞ்சம் சொன்னால் என்ன என்றார். அக்கா எழுந்து நின்றுகொண்டுதான் பதில் சொன்னார்.

"ஐயரே, உங்ககிட்ட ஜெபத்துக்கு வந்து சொல்றத நீங்க எங்கிட்ட சொல்லுவீங்களா?"

ஐயர் கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

என் விஷயமும் ஒன்று அவரிடம் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு மாதம் நாள் தள்ளிப்போனது. பயத்தில் பில் எண்ணை நான் தப்புத் தப்பாக அடித்ததைப் பார்த்து அவரே கேட்டார். பெயருக்குப் பதில் ஒரு கோடு மட்டும் போட்ட குழாயில் என் ரத்தத்தை எடுத்தார். பதிவேட்டில் எழுதவில்லை. மறுநாள், "ஒண்ணும் இல்ல. நல்லா சாப்புடு" என்றார். அதோடு சரி. அதற்குப் பின் அவர் என்னைப் பார்த்த பார்வையில் எந்த வித்தியாசமும் இல்லை. நான் ஒரு மாதிரி அவரைத் தவிர்த்தபோதுகூட அவர் அதைக் கவனிக்காதவராகவே இருந்தார்.

இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டுதான் நான் அதைச் செய்தேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எழுத்து ஆசை. பத்திரிகைகளுக்கு அனுப்பியவை எதற்கும் பதில் வரவில்லை. வேண்டாம் என்ற பதில்கூட. அப்புறம்தான் ஒரு வீடியோவில் பார்த்தேன், மின்னூலை நாமே வெளியிடலாம் என்று. பதிப்பாளர் வேண்டாம், அச்சகம் வேண்டாம். "யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை" என்று அந்த வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஒரு வாக்கியம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் போனில் டைப் அடிப்பேன். லேப் கம்ப்யூட்டரில் அதை ஒட்டி, பக்கம் பிரித்துப் பார்ப்பேன். முதல் முறை ஒட்டியபோது எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்றினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக நின்றது. அதைச் சரிபண்ணவே பத்து நாள் ஆனது. எல்லாம் லேப் கதைகள்தான். வெறும் வயிற்றோடு வருகிறவர்கள், ஊசி என்றதும் மயங்கி விழுந்த போலீஸ்காரர், இப்படி.

"இன்னா, எந்நேரமும் தட்டிகினே கீற?" என்றார் அக்கா.

"கதைக்கா. புத்தகம் போடப்போறேன்."

"அப்டியா!" அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். "போட்டதும் எனக்கு ஒண்ணு குடு. கண்ணாடி போட்டுகினு படிக்கறேன்."

அட்டைக்குப் படம் வேண்டும் என்றேன். இணையத்திலிருந்து எடுத்தால் உரிமைப் பிரச்சினை வரும், நாமே எடுத்த படமாக இருக்க வேண்டும். அக்கா பரிசோதனைக் குழாய்கள் இருந்த தாங்கியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போய், வெயில் படுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார். "இப்பிடியா? இன்னும் தூக்கணுமா?" என்று கேட்டுக் கேட்டுத் தூக்கினார். என் புத்தகத்தின் அட்டையில் ஒரு கை தெரியும். அது அவருடைய கை.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடையாள அட்டைக்காக ரத்த வகை பார்க்க வந்தார்கள். ஒரு பையனின் அப்பா தனக்கு ஏபி என்று பேச்சுவாக்கில் சொன்னார். பையனுக்கு ஓ. எத்தனையோ ரிப்போர்ட் அடித்ததில் எனக்கும் அரைகுறையாகக் கொஞ்சம் தெரிந்திருந்தது. அவர்கள் போனதும் அக்காவிடம் போனேன். "ஏபிக்கு ஓ பொறக்காதுல்லக்கா? தப்பா அடிச்சிட்டேனா?"

"ஃபார்ம்ல அப்பா குரூப் போட எடம் இருக்குதா?"

"இல்ல."

"அப்ப அது உனக்கு எதுக்கு?"

திட்டிவிட்டாரே என்று நான் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தேன். அதைப் பொறுக்காமல்தான் அவர் தன் கதையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அது. ஊரெல்லாம் காவடிக் கூட்டம், லேபில் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்போது அக்காவுக்குப் பத்தொன்பது வயதாம். டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருந்தார். விடுமுறைக்கு வரும்போது ரத்த வகை பார்க்கிற மருந்துப் புட்டிகளைக் கொண்டுவந்தார். நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று, நிறமில்லாதது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டில் உட்கார்ந்து எல்லோருக்கும் விரலில் குத்தினார். அவருடைய அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவார், டவுன் பஸ் டிரைவர். "எனக்கு மொதல்ல" என்று விரலை நீட்டினாராம். நைனாவுக்கு ஏபி. அம்மாவுக்கு பி. அக்காவுக்கு ஓ. ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்காது என்கிற பாடத்தை முந்தின வாரம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். அக்கா இரண்டாவது தடவை குத்திப் பார்த்தார். அதே.

"நைனா கேட்டாரு, என் ரத்தம் இன்னா சொல்லுது பாப்பான்னு. நல்ல ரத்தம் நைனான்னேன். கண்ணாடித் துண்டையெல்லாம் கழுவிட்டேன்."

அக்காவே தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. அபூர்வமா செல பேருக்கு ஓ மாதிரி காட்டும், ஆனா ஓ இருக்காது. அதுக்கு வேற டெஸ்ட்டு. பெரிய எடத்துல பண்ணுவாங்க. என் ரத்தத்த குடுத்தா தெரிஞ்சிடும்."

"குடுத்தீங்களாக்கா?"

"இல்ல. எங்கம்மாவ நான் டெஸ்ட் பண்ணணுமா இன்னா?" என்றார். எழுந்து நாற்காலியைத் தன் இடத்தில் போட்டுக்கொண்டே, "நைனா போயி மூணு வருஷம் ஆச்சி. இத வாய்விட்டு சொன்னதே இன்னைக்குத்தான்" என்றார்.

என் புத்தகத்தில் அப்போது பதினோரு கதைகள் இருந்தன.

பன்னிரண்டாவதை ஒரே மூச்சில் எழுதினேன். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன் எழுதியதில்லை என்று தோன்றியது, கை தானாக ஓடியது. பெயரை மாற்றினேன். மற்ற எதையும் மாற்ற மனசு வரவில்லை. மலையடிவாரத்து லேப், டவுன் பஸ் ஓட்டும் அப்பா, பாடகர் குழுவில் பாடும் அம்மா, ஞாயிற்றுக்கிழமை, நீட்டிய விரல், எல்லாம் அப்படியே. அம்மாவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். கதையின் கடைசி வரி "நல்ல ரத்தம் நைனா." அங்கே முடித்தால்தான் படிப்பவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். அபூர்வமாகச் சிலருக்கு வேறு மாதிரி இருக்கும் என்று அக்கா சொன்னதை முதலில் எழுதியிருந்தேன். திரும்பப் படித்தபோது அது கதையின் வேகத்தைக் குறைத்தது. அழித்துவிட்டேன். யோசிக்கக்கூட இல்லை, எழுத்துப் பிழையை அழிப்பது மாதிரிதான் அழித்தேன்.

புனைபெயர் வைத்துக்கொண்டேன். விலை போட்டேன். வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினேன். ஒரு பதிப்பாளர் இருந்திருந்தால், இது யார், அவர்களுக்குத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தத் தளம் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, இந்த எழுத்தின் உரிமை உங்களுடையதா என்பதுதான். ஆம் என்ற கட்டத்தில் டிக் செய்தேன்.

அக்காவுக்குப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அவர் இரண்டு மூன்று முறை கேட்டார். இன்னும் வேலை முடியவில்லை என்றேன்.

ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஒரு வசதி இருந்தது. கொடுத்தேன். வாசிப்புக் குழுக்களில் இணைப்பைப் போட்டேன். நட்சத்திரங்கள் வந்தன. எல்லோரும் பன்னிரண்டாவது கதையைத்தான் சொன்னார்கள். கடைசி வரியில் உறைந்துபோனேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்தில் அக்கா உறைகளுக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் இருக்கும். ஒருநாள் காலை நான் போனபோது அக்கா ஊசி எதையும் எடுத்துவைக்காமல் என் மேஜையருகே நின்றுகொண்டிருந்தார். அவருடைய போனில் ஒரு படம். என் கதையின் இரண்டு பக்கங்கள். சென்னையில் வேலை பார்க்கிற, அவர் ஊர்ப் பெண் ஒருத்தி படித்துவிட்டு, இது நம்ம சர்ச் பாட்டு அம்மா கதைபோல இல்லையா என்று கேட்டு சர்ச் வாலிபர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தாள். அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் போயிருந்தது.

"நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்" என்றார் அக்கா.

அக்கா நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "உக்காரு. தண்ணி குடி" என்று டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். வாசலில் ஏற்கெனவே இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் திட்டவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தியானம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கும் ஒரு பொத்தான்தான். ஆனால் இறக்கிவைத்துக்கொண்டவர்களிடம் அது அப்படியேதான் இருக்கும் என்று ஒரு செய்தி வந்தது. அட்டைப்படம் மட்டும் இன்னும் பல நாட்கள் தேடினால் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கை.

இரண்டு நாள் கழித்து அக்காவின் அத்தை மகன் வந்தார். பாவா என்றுதான் அக்கா அவரைக் கூப்பிடுவார். ஆர்.கே.பேட்டையில் தறிப் பட்டறை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், அக்காவின் நைனாவை அவருக்கு அவ்வளவு பிடிக்கும். பெஞ்சில் ஆட்கள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் சத்தம் போட்டார்.

"எங்க மாமன் செத்தும் நிம்மதி இல்லாம பண்ணிட்டாங்களே! யாரு எழுதினது? உனக்குத் தெரியாம இருக்காது. பேர சொல்லு, மத்தத நான் பாத்துக்கறேன்."

"எழுதினவங்க சொல்லட்டும் பாவா."

"அப்ப உனக்குத் தெரியும்!"

"தெரியும். நான் சொல்ல மாட்டேன்."

"உங்கம்மாவ ஊரே பேசிகினு இருக்குது. அதுக்காவது சொல்லுவியா மாட்டியா?"

அக்கா அடுத்த உறையை எடுத்து ஸ்டேப்ளர் அடித்தார். பாவா என் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லும்மா. இவகூடத்தானே குந்திகினு கீற. இங்க யாரு வந்து கதை கேட்டுகினு போனது?"

நான் அப்போது ஒரு தைராய்டு ரிப்போர்ட்டை அடித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தி, "எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் கண்டுகொள்வார்கள் என்று அவர் பார்க்காமல் இருந்தார். அவர் குணம் எதுவோ, அதற்குள்ளேயே நான் போய் ஒளிந்துகொண்டேன்.

"அந்த வேற டெஸ்ட்டு இருக்குதாமே, அதப் பண்ணிடேன். ஊர் வாய மூடிடலாம்" என்று போகும்போது பாவா சொன்னார். அவருக்கு யாரோ டாக்டர் சொல்லியிருந்தார்.

"எனக்கு ஊரு வாய மூட வேணாம்" என்றார் அக்கா.

அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். அரக்கோணத்தில் ஒரு அலுவலகத்தில் கிடைத்தது என்று சொன்னேன். உண்மைதான், தேடிப் பிடித்த உண்மை. கடைசி நாள் அக்கா எனக்கு ஒரு பேனா கொடுத்தார். நன்றாகவே பேசினார்.

அதற்குப் பின் நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து லேப் ஓனரை ரயிலில் பார்த்தபோது அவர் சொன்னார், லேப் அக்காவின் அம்மா சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிட்டாராம். அறுப்புப் பண்டிகைக்குக்கூடப் போகவில்லை, பாடகர் குழுவில் அவர் இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அக்காவின் ஊர் வழியாகப் போகிற ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் ஏறினேன். அக்கா லேபில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பாட்டு அம்மா வீடு என்று தெருவில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். கேட்டதும் அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கை காட்டினாள். அம்மா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் கற்பனை செய்திருந்த அம்மா உயரமானவர், அழகி. இவர் குள்ளமாக, ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்து, தடவித் தடவிக் கடலையை எடுத்தார்.

"உங்க பொண்ணுகூட லேப்ல வேலை செஞ்சவம்மா" என்றேன்.

"வாம்மா. அவ சாயந்திரம் அஞ்சி மணி பஸ்ஸுக்குத்தான் வருவா."

"உங்களப் பாக்கத்தான் வந்தேன். அந்தக் கதைய எழுதினது நான்தாம்மா."

கை நின்றது. முறத்தை மெல்லத் தள்ளி வைத்தார். கத்துவார் என்று காத்திருந்தேன்.

"உங்கிட்ட அது இருக்குதா?" என்றார்.

"எது?"

"அந்தக் கதை. எல்லாரும் படிச்சிட்டாங்க. நான் மட்டும் படிக்கல. போன் எழுத்து எனக்குத் தெரிய மாட்டேங்குது. அவள படிக்கச் சொன்னா, வேணாம்மா விடுன்றா. நீ படி."

"வேணாம்மா."

"எழுதத் தெரிஞ்சிதுல்ல? படி."

என் போனில் அது இருந்தது. தரையில் உட்கார்ந்து படித்தேன். நான் எழுதிய வாக்கியங்கள், தனியாக இருக்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்துச் சந்தோஷப்பட்டவை, அந்தக் கூடத்தில் வாயை விட்டு வெளியே வரவே கூசின. "தேவாலயத்தில் பாடும்போது அவள் கண்கள் ஒருபோதும் பீடத்தை நேராகப் பார்த்ததில்லை" என்ற இடம் வந்தது. அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அது யாரு? நானா?"

"ஆமாம்மா."

"எனக்குக் கண்ணே சரியா தெரியாதே. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பாப்பேன். அதுக்கு இன்னா அர்த்தம்?"

"ஒண்ணும் இல்லம்மா. நானா எழுதினேன்."

"ம். படி."

விரல் நீட்டிய இடத்தில் அவர் சிரித்தார். "ஆங், அப்டித்தான் நீட்டுனாரு" என்றார். கடைசி வரியைப் படித்து முடித்தேன். தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கியில் தெலுங்கில் கத்திக்கொண்டு போனது.

"அன்னைக்கே அவளுக்கு இது தெரிஞ்சிடுச்சா? பத்தொம்போது வயசுல? ஊருல பேசிக்கறத வெச்சி இப்பத்தான் ஏதோ டெஸ்ட்டுல வந்துச்சின்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "எனக்கு அவங்க நைனாவத் தவுர யாரையும் தெரியாதும்மா. ஊரு இன்னா வேணா பேசட்டும். இத்தினி வருஷமா எம் பொண்ணு என்ன அப்டி நெனச்சிகினேவா எனக்குச் சோறு போட்டா?"

"இல்லம்மா! இல்ல." அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். "அக்கா அப்டி நெனக்கவே இல்ல. அபூர்வமா செல பேருக்கு அந்த மாதிரி தப்பாக் காட்டும்னு அவங்களே சொன்னாங்க. டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடும், ஆனா எங்கம்மாவ நான் டெஸ்ட் பண்ண மாட்டேன்னு சொன்னாங்க. எங்கிட்ட சொன்னாங்கம்மா."

அவர் என் பக்கம் திரும்பினார். நல்ல கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார்.

"அவ அப்டி சொன்னாளா?"

"சொன்னாங்க."

"நீ படிச்சதுல அது வரலியே?"

"வரலம்மா."

"ஏன் எழுதல?"

எத்தனையோ பதில் யோசித்தேன். கடைசியில் உள்ளதையே சொன்னேன். "எழுதினா கதை நல்லா வராதுன்னு நெனச்சேன்."

அவர் திட்டவில்லை. புரிந்துகொள்ள முயல்கிறவர்போல, "நல்லா வராதுன்னா?" என்று கேட்டார். நான் போனை அணைத்தேன்.

அவரே சொன்னார். "ஊரே பாதிய படிச்சிடுச்சி. மீதிய யாரு படிக்கறது? எங்கனா எழுது. பேரு போடாத. ஆனா அவ சொன்னத எழுது."

"அக்காவக் கேக்காம இனிமே எழுத மாட்டேம்மா."

"கேட்டே எழுது."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். ஐந்து மணி பஸ் வந்துவிட்டிருந்தது, நான் நேரம் பார்க்கவில்லை. அக்கா சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தார். என்னையும், என் கையிலிருந்த போனையும், தள்ளி வைத்த முறத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் முறையாக எதையோ மறைக்க முடியாமல் போனதைப் பார்த்தேன்.

அம்மா அவர் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார். "நீ ஏன்டி என்ன ஒரு வார்த்தை கேக்கல?" என்றார்.

அக்கா பையைக் கீழே வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முன்னால் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார்.

நான் எழுந்துவிட்டேன். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, தெருமுனை வரை வெறுங்காலோடு வேகமாக நடந்தேன். ஜல்லி குத்தியது. நின்றால் காதில் விழும் என்று நிற்கவில்லை. திருத்தணி பஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை நிறுத்தத்தில், அந்த வீடு இருந்த திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதலாமா என்று போனில் கேட்டபோதும் அதைக் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன் என்பதுதான் என் பயம்.